ஈயக்குண்டை ஏரிக்குத் தாரை வார்க்காமல் இருக்க

ஜூலை பிறந்து ஒன்ராறியோ ஏரியின் மேல்நீர் சூடேறியதும் சினூக் சால்மன் கீழே இறங்கிவிடும். 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையான குளிர்நீர்தான் அதற்கு இதம். அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோவது டவுன்ரிகர்: ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பி, கம்பி நுனியில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டருகே கிளிப்பில் மாட்டிப் படகை மெல்ல ஓட்டினால் இரை கூடவே போகும். மீன் அடித்ததும் கிளிப் விட்டுவிடும். மீன் அடிக்காமல் பாறை பிடித்துக்கொண்டால் குண்டு போகும், கம்பி போகும், சில நாள் இயந்திரமே போகும். ஸ்காபரோ ப்ளஃபர்ஸ் பூங்காத் துறையில் படகு இறக்குகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. எது அறுந்து போகவேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். டவுன்ரிகர் கம்பி பெரும்பாலும் 150 இறாத்தல் இழுவை தாங்கும். அதன் நுனிக்கும் குண்டுக்கும் நடுவே, கம்பியைவிட வலுக்குறைந்த நைலோன் நரம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வளையம் கட்டுங்கள். குண்டின் எடையைப் பல மடங்கு தாங்கவேண்டும், கம்பி அறுவதற்கு முன் தான் அறவேண்டும், இவ்வளவுதான் கணக்கு. கொளுவிக்கொண்டால் குண்டோடு போகும், 200 அடிக் கம்பி உங்களிடமே இருக்கும். வெயிலிலும் உராய்விலும் நைலோன் நலியும் என்பதால் ஆண்டுக்கொரு முறையாவது வளையத்தை மாற்றுங்கள்.

2. கிளட்ச்சை இறுக்கித் திருகிவிட்டு மறந்துவிடுவது பரவலான பழக்கம். குண்டைத் தாங்குமளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். கையால் கம்பியை அழுத்தி இழுத்தால் உருளை வழுக்கிச் சுழலவேண்டும். அது சுழலும் அந்தச் சில நொடிகளில்தான் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவர முடியும்.

3. கம்பி அறுவது பெரும்பாலும் கடைசிப் பத்தடியில். வாரமொரு முறை ஒரு டிஷ்யூ தாளால் அந்தப் பகுதியைப் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் தாள் மாட்டிக் கிழியும். பிரி தெரிந்தாலும் மடிப்பு விழுந்திருந்தாலும் நல்ல கம்பி வரும்வரை வெட்டி எறியுங்கள். பத்தடிக் கம்பிக்குப் பாவம் பார்த்து முழுக் குண்டை இழப்பதில் சிக்கனம் ஏதுமில்லை. புது வளையத்துக்கு இரண்டு உலோகக் குழல்கள் போட்டு, அதற்கென்றே விற்கும் குறட்டால் நசுக்குங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கினால் பிடித்தது போலத் தோன்றும், அலையில் உருவிக்கொள்ளும். முடித்ததும் குண்டோடு ஒரு வாளித் தண்ணீரையும் சேர்த்துத் தொங்கவிட்டுச் சோதியுங்கள்.

4. கம்பியின் மறுநுனி உருளையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிரிக்கவேண்டாம்.

5. இயந்திரத்தின் அடித்தட்டிலிருந்து படகின் கயிற்றுக் கொம்புக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டுங்கள். படகின் ஓரத்தில் மர ஆணித் திருகால் பூட்டிய அடித்தட்டு ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். முழுக்கத் துளைத்துப் போல்ட் போட்டு, கீழே ஒரு தட்டையும் பெரிய வாஷர்களையும் வைத்து முடுக்குவதே முறை. சுழலும் அடித்தட்டு என்றால் அதன் பூட்டுமுள்ளையும் பாருங்கள்.

6. எண்காட்டி 100 அடி என்று சொன்னால் குண்டு 100 அடியில் இருக்கிறது என்று பொருளல்ல. படகு ஓடும்போது நீரின் தடையால் கம்பி பின்னோக்கிச் சாயும்; குண்டு அதைவிட மேலேதான் இருக்கும். அதை ஈடுகட்ட இன்னும் பத்தடி விடுகிறோம். பிறகு மீன் மாட்டிப் படகின் வேகம் குறைந்ததும் குண்டு அந்தப் பத்தடியும் சேர்த்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். திரும்பும்போதும் இதே கதை: வளைவின் உள்பக்கக் குண்டு தாழும், வெளிப்பக்கக் குண்டு உயரும். போதாதற்கு, சோனார் காட்டுவது படகுக்கு நேர் கீழே உள்ள தரையை, குண்டு வருவதோ பின்னால். தரை மேடேறும் திசையில் ஓட்டினால் முன்கூட்டியே சுருட்டிவிடுங்கள். திரும்புவதற்கு முன்னும் உள்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள்.

7. கொளுவிக்கொண்டதா? முதலில் நியூட்ரல், பிறகு கிளட்ச்சைத் தளர்த்திக் கம்பியை ஓடவிடுங்கள். மற்றத் தூண்டில்களைச் சுருட்டச் சொல்லுங்கள். கம்பி புரொப்பெல்லரில் சிக்காதபடி பெரிய வட்டமாகச் சுற்றிவந்து, வந்த திசைக்கு எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். பாறையிடுக்கு என்றால் பல நேரம் இதிலேயே விடுபடும். கம்பியை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, கையில் சுற்றவே கூடாது. ரிவர்ஸ் போட்டு முரண்டு பிடிப்பதும் வேண்டாம்: பின்பக்கம் தரையோடு கட்டுண்ட சிறிய படகில் அலை பின்பலகைக்கு மேலாக உள்ளே விழும். எஃகுக் கம்பியை வெட்டும் குறடு கைக்கெட்டும் தூரத்தில் தொங்கட்டும். மீன் வெட்டும் கத்தரிக்கோல் அதற்கு உதவாது. அலை ஏறினால் வெட்டிவிடுங்கள். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். குண்டை மீட்பதற்கல்ல, அடுத்த முறை அங்கே போகாமல் இருப்பதற்கு.

8. ஹியூரன், மிச்சிகன் ஏரிகளுக்குப் போகிறவர்கள் கொடி கட்டிய மிதவைகளைக் கண்டால் தூரமாக விலகிச் செல்லுங்கள். அங்கே தரையில் நங்கூரமிட்ட வணிகப் பொறிவலைகள் இருக்கும். அதன் கயிற்றில் குண்டு மாட்டினால் யோசனையே வேண்டாம், உடனே வெட்டுங்கள்.

9. புதுக் குண்டு வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள். ஈயம் நீரைப் போல 11 மடங்குக்கு மேல் அடர்த்தி, இரும்பு ஏறத்தாழ 8 மடங்கு, கொங்கிரீட் இரண்டரைக்கும் குறைவு. ஆகவே 10 இறாத்தல் ஈயம் நீருக்குள் 9 இறாத்தலுக்கு மேல் இழுக்கும், இரும்பு எட்டேமுக்கால் அளவில் நிற்கும், டின்னில் சிமெண்டு ஊற்றிச் செய்த குண்டோ 6 இறாத்தலைக்கூடத் தொடாது. பருமனும் கூடுவதால் பின்னோக்கிச் சாய்வதும் கூடும். ஈயத்தை விரும்பாதவர்கள் கொஞ்சம் கூடுதல் எடையில் இரும்பு வாங்கலாம். சிமெண்டு வீண் வேலை.

10. வீட்டில் ஈயம் உருக்கி வார்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். சமையலறையில், கராஜில், எங்குமே. ஈயத்தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். வாங்கிய குண்டைத் தொட்டாலும் சாப்பிடுமுன் கை கழுவவேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள குண்டு இதற்கும் நல்லது, படகின் பெயிண்டுக்கும் நல்லது.

11. எஃகுக் கம்பிக்குப் பதிலாகப் பின்னல் நூல் போட்டால் பிரி குத்தாது, இரைச்சலும் குறையும். ஆனால் பாறை விளிம்பில் எஃகைவிட எளிதாக அறும். மின்சார டவுன்ரிகர் என்றால் இன்னொன்று: குண்டு மேலே வந்ததும் தானாக நிற்கும் வசதி சிலவற்றில் உலோகக் கம்பியை நம்பியிருக்கும், சிலவற்றில் கம்பியில் கோத்த மணியை. கம்பியை மாற்றியபின் அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் குண்டு கப்பியில் மோதி அங்கேயே அறுந்து விழும். பாறையே இல்லாமல் குண்டைத் தொலைக்க இது ஒரு வழி.

12. கிளிப் மட்டும் தொலைந்தால் ரப்பர் பேண்ட் போதும். நரம்பில் சுருக்கிட்டுக் கம்பிக் கொக்கியில் மாட்டுங்கள், மீன் அடித்ததும் அறும். குண்டே போய்விட்டால் அன்றைய பொழுதுக்கு ஈயம் உள்ளோடிய நரம்பு கைகொடுக்கும். பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மெல்ல ஓட்டினால் ஒரு நிறத்துக்குச் சுமார் ஐந்தடி இறங்கும் என்பது கைக்கணக்கு. 100 அடிக்குப் போகாது. விடியலில் மீன் மேலே மேயும் நேரத்துக்கு அதுவே போதும்.

13. மிச்சிகன் மாநிலம் 1966ல் கோஹோ சால்மனை ஓடைகளில் விட்ட பிறகுதான் பேரேரிகளில் இந்தக் கருவிக்குக் கிராக்கி வந்தது. அதனால் பழைய இயந்திரங்கள் கராஜ் விற்பனைகளில் இன்றும் கிடைக்கும். வாங்குமுன் பல்சக்கரத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், கைப்பிடியைச் சுற்றினால் எண்காட்டி கூடவே நகர்கிறதா பாருங்கள். மாதிரி எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, அதற்கு உதிரிப்பாகம் இன்னும் வருகிறதா என்று கடையில் கேட்டபின் பேரம் பேசுங்கள்.