டைட்டானியத்தில் பூச்சு பிடித்திருக்கிறதா? பார்ப்பது எப்படி

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே இருக்கிறது சாகுபுரம். அங்குள்ள டிசிடபிள்யூ ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டைப் பக்குவப்படுத்தும் பிரிவும் அங்கே உண்டு.

இப்படிப்பட்ட ஆலைகளில் ஆனோடாக இன்று நிற்பது டைட்டானியம். அதன்மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த கறுப்புப் பூச்சு, சில மைக்ரான் கனத்தில். ஹென்றி பீர் 1960களில் கண்ட உத்தி இது. இந்தியாவில் இதை வளர்த்ததில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பெரும் பங்குண்டு. பூச்சு உரிந்தால், வெறும் டைட்டானியம் ஆக்சைடைப் போர்த்திக்கொண்டு மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதனால்தான் ஒட்டுதிறன் சோதனை.

1. மாதிரித் தகடு: ஆனோடு செய்த அதே தகட்டில் ஒரு துண்டு வெட்டி, அதே அமிலத் தொட்டி, அதே உலை வழியாக அனுப்புங்கள். வேறு துண்டில் பார்த்தால் பயனில்லை.

2. பூசுமுன்: எண்ணெய் நீக்கி, மணல் பிளாஸ்டிங் செய்து, சூடான ஆக்சாலிக் அமிலத்தில் அரித்த பரப்பில் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் பூசலாம்.

3. கட்டம் கீறுதல்: பூசி உலையில் சுட்டு ஆறிய தகட்டில், புது பிளேடால் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 11 கோடுகள், குறுக்கே இன்னும் 11. கீறல் உலோகம்வரை இறங்க வேண்டும். தூசியைத் துடையுங்கள்.

4. டேப்: சோதனைக்கென விற்கும் டேப்பை ஒட்டி, ரப்பரால் அழுத்தித் தேயுங்கள். ஒன்றரை நிமிடம் கழித்து, டேப்பை அதன்மேலேயே மடித்தபடி சட்டென்று இழுங்கள்.

5. மதிப்பிடல்: லென்ஸில் பாருங்கள். எதுவும் உரியாவிட்டால் 5பி. 5 சதவீதத்துக்குள் உரிந்தால் 4பி. 65 சதவீதத்தைத் தாண்டினால் 0பி. டேப்பில் லேசான கருந்தூள் மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். அது மேலோட்டத் தூளாக இருக்கலாம். அதே இடத்தில் மறுபடி ஒட்டுங்கள். சாம்பல் நிற உலோகம் எட்டிப்பார்த்தால்தான் தோல்வி.

6. வளைத்தல்: மெல்லிய தகட்டை உருளைக் கம்பியில் வளைத்து, வெளிவளைவில் டேப் போடுங்கள். கட்டச் சோதனையில் தப்பிய பலவீனம் இங்கே பிடிபடலாம்.

எண்ணாகவே விடை வேண்டுமென்றால், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள டாலி என்ற உலோகக் குமிழைப் பூச்சின்மேல் எப்பாக்சிப் பசையால் ஒட்டி இழுக்கும் கருவி இருக்கிறது. 10 மெகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 320 கிலோ இழுவிசை. ஆனால் இந்தப் பூச்சில் நுண்வெடிப்புகள் அதிகம். பசை அவற்றுக்குள் இறங்கி உலோகத்தையே பிடித்துக்கொண்டால், கருவி காட்டுவது பசையின் பலம்.

5பி வாங்கிய ஆனோடும் சீக்கிரம் செயலிழக்கலாம். எனவே கந்தக அமிலத்தில் அதிக மின்னோட்டம் பாய்ச்சும் ஆயுள் சோதனையையும் முடித்த பிறகே ஆனோடை ஏற்றுக்கொள்ளுங்கள்.