அவசர வேலையும் முக்கிய வேலையும்

கடை திறந்தது முதல் இரவு கதவை இறக்கும் வரை நமக்கு ஓய்வில்லை. சரக்கு வண்டி வாசலில் நிற்கும். கல்லாவில் சில்லறை தீர்ந்திருக்கும். ஒரு வாடிக்கையாளர் பொருளை மாற்றித் தரச் சொல்லிக் காத்திருப்பார். இவை எல்லாம் செய்தாக வேண்டிய வேலைகள்தாம். ஆனால் முதலாளி நாள் முழுவதும் இவற்றிலேயே களைத்துப் போனால், அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் 'நாளைக்கு' என்று தள்ளிப் போகின்றன.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசனோவர் 1954-ல் ஆற்றிய உரையொன்றில், கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். அவசரம் வேறு, முக்கியம் வேறு. அவசர வேலை தானே வந்து நம்மைக் கூப்பிடும். முக்கிய வேலை கூப்பிடாது. நாம்தான் தேடிப் போக வேண்டும். நம் கடைகளில் அப்படிக் காத்திருக்கும் மூன்று வேலைகளைப் பார்ப்போம்.

1. நிலுவை வசூல்

பற்று நோட்டைப் புரட்டாமல் விட்டால் அன்றைக்கு எந்த நஷ்டமும் தெரியாது. ஆனால் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடர 3 ஆண்டுகளே அவகாசம். சரக்குக் கொடுத்த நாளிலிருந்து இது கணக்காகும். தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. கெடு முடிவதற்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை பாக்கிக் கணக்கை எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அரை மணி நேர வேலை. அதைத் தவற விட்டால் முதலே போகலாம். பழகியவரிடம் கையெழுத்துக் கேட்கத் தயங்குகிறோம். எல்லாரிடமும் ஒரே மாதத்தில் கேட்பது வழக்கமாகிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

2. தராசு முத்திரை

மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறையும் மறு முத்திரை வேண்டும். ஆய்வாளர் வந்து நிற்கும்போதுதான் தேதி நினைவுக்கு வருகிறது என்றால், முக்கியமாக இருந்த வேலை அவசரமாகிவிட்டது என்று பொருள்.

3. கொள்முதல் பில்

நாம் வரி கொடுத்து வாங்கிய சரக்கின் பில்லை மொத்த வியாபாரி கணக்கில் ஏற்றினாரா என்று மாதந்தோறும் 2பி அறிக்கையில் பார்க்க வேண்டும். ஏற்றாவிட்டால் இன்புட் வராது. நிதியாண்டு முடிந்தபின் நவம்பர் 30 வரையோ, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரைதான் அவகாசம். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடக் கூடாது. எந்தச் சரக்கு வந்தது, எந்தப் பில் வரவில்லை என்பது நமக்குத்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

பிற்பகலில் கூட்டம் ஓய்ந்திருக்கும் வேளையில், வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரத்தை ஒதுக்குவோம். அந்த நேரத்தில் கல்லாவை மகனிடமோ, மனைவியிடமோ, நம்பிக்கையான ஊழியரிடமோ ஒப்படைப்போம். 'நான் எழுந்தால் கணக்குத் தவறிவிடும்' என்பது பலரின் அச்சம். உட்காரும்போது கையிருப்பை எண்ணிக் கொடுத்து, எழும்போது எண்ணி வாங்கினால் அந்த அச்சம் தீரும். அடுத்த தலைமுறைக்கும் பழக்கம் வரும். முத்திரை, உரிமம், வரி ஆகியவற்றின் தேதிகளைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வைப்போம்.

அவசர வேலைகள் என்றும் தீரப்போவதில்லை. அவை தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திராமல், இந்த வாரமே பற்று நோட்டை எடுத்து, இரண்டு ஆண்டைக் கடந்த பாக்கிகளை முதலில் தனியே எழுதுவோம்.