கார்பெட்டின் ரைஃபிள்

கேள்வி: ஜிம் கார்பெட் வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கிகளில் உங்களை மிகவும் கவர்ந்தது எது?

பதில்: .275 ரிக்பிதான், தயக்கமே இல்லை. 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-இல் கார்பெட் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அளித்த பரிசு அது.

சிறுவயதில் அவருக்குக் கிடைத்தது, வலக்குழல் பிளந்து, பித்தளைக் கம்பியால் கட்டிவைத்த பழைய இரட்டைக்குழல். பிற்காலத்தில் ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 இரட்டைக்குழலும் வந்தது. அதற்கு அடியும் பலம், கனமும் அதிகம்.

ரிக்பியோ இலகுவானது. அந்த இலகுதான் 1930-இல் அவர் உயிரைக் காத்தது என்பேன். ஆட்கொல்லியான சௌகட் பெண்புலியைத் திடீரென்று சில அடி தூரத்தில் பார்க்கிறார். இடக்கையில் ஆசையாக எடுத்துவந்த பக்கிப் பறவையின் முட்டைகள்! உடம்பை அசைத்தால் பாய்ந்துவிடும். வலக்கையால் மட்டும் ரைஃபிளை மெல்ல, மிக மெல்லத் திருப்பிச் சுட்டார். கனத்த இரட்டைக்குழலை ஒற்றைக் கையில் அப்படித் திருப்பியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. முட்டைகள் உடையவில்லை, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். புலியைச் சுட்டதைவிட இதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

அந்த ரைஃபிளைத் தயாரித்த லண்டன் ரிக்பி கம்பெனியே இப்போது அதை வாங்கி வைத்திருக்கிறது.