எத்தனை பிரதி விற்றால் முதல் திரும்பும்?

கேள்வி: பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கன்சோல்களுக்கு வரும் ஒரு வீடியோ கேம் எத்தனை பிரதி விற்றால் லாபம்? மலேசியாவில் செய்யப்படும் கேம்களுக்கும் அதே கணக்குதானா?
(வாசகர், ஹாபு தேயிலைத் தோட்டம், கேமரன் மலை)

பதில்: கன்சோல் கேமின் லாபக் கணக்கு இரண்டு எண்களில் அடங்கும். கேமை உருவாக்கி, விளம்பரம் செய்து, கடைக்குக் கொண்டுவர ஆன மொத்தச் செலவு ஒன்று. விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் பணம் போட்டவர் கைக்கு வந்து சேரும் தொகை மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் முதல் திரும்பும் எண்ணிக்கை கிடைக்கும். அதைத் தாண்டி விற்பதில் பெரும்பகுதி லாபம்.

தேயிலையில் இப்படி நடப்பதில்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அடுத்த கிலோவுக்கு மறுபடியும் கொழுந்தெடுத்து, வாட்டி, உருட்டி, உலர்த்தியாக வேண்டும். கூலியும் எரிபொருளும் ஒவ்வொரு கிலோவோடும் கூடவே வரும். கேமில் செலவு முழுவதும் முதல் பிரதியின் தலையில் விழுகிறது. இணையக் கடையிலிருந்து இறக்கப்படும் இரண்டாவது பிரதிக்கும் பத்து லட்சமாவது பிரதிக்கும் ஆகும் செலவு சல்லிக்காசு. ஆகவே எண்ணிக்கையைத் தாண்டியவர் கொழிக்கிறார். தாண்டாதவருக்கு முதலுக்கே மோசம்.

கடையில் ஒட்டியிருக்கும் விலை யாருக்கு எவ்வளவு போகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2010 வாக்கில் அமெரிக்காவில் 60 டாலருக்கு விற்ற வட்டுக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட பங்கீடு இது: கடைக்காரருக்கு 15 டாலர், விற்காமல் திரும்பும் சரக்குக்காக 7, கன்சோல் நிறுவனத்துக்கு உரிமத் தொகையாக 7, வட்டு அச்சிட்டு அனுப்ப 4, மிச்சம் 27 டாலர் வெளியீட்டாளருக்கு. பாதிக்கும் குறைவு. இணையக் கடையில் வட்டும் இல்லை, திரும்பும் சரக்கும் இல்லை. கடையை நடத்தும் கன்சோல் நிறுவனம் வழக்கமாக 30 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது கூடியிருக்கிறது. ஆனால் அடிக்கடி வரும் தள்ளுபடி விற்பனை சராசரி விலையைக் கீழே இழுத்துவிடுகிறது. பழைய வட்டுகளைக் கைமாற்றும் கடைகளில் புரளும் பணத்திலும் கேம் செய்தவருக்குக் காலணா வராது.

இந்தச் சுங்கம் தொடக்கத்தில் இன்னும் கடுமையாக இருந்தது. 1980களில் நிண்டெண்டோவின் கருவிக்குக் கேம் செய்தவர்கள் தங்கள் கேட்ரிஜைத் தாங்களே தயாரிக்க முடியாது. குறைந்தது 10,000 கேட்ரிஜுக்கு நிண்டெண்டோவிடமே பணம் கட்டி வாங்கவேண்டும். ஒன்றுகூட விற்காவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். 1994-ல் வந்த பிளேஸ்டேஷன் குறுவட்டுக்கு மாறிய பிறகு அச்சுச் செலவு வெகுவாகச் சரிந்தது.

இனி எண்கள். 2017-ல் பிரிட்டனின் நிஞ்ஜா தியரி நிறுவனம் ஏறத்தாழ 20 பேரை வைத்து, 10 மில்லியன் டாலருக்கும் குறைந்த செலவில் 'ஹெல்பிளேட்' என்ற கேமைச் செய்தது. விலை 30 டாலர். 300,000 பிரதி விற்றால் முதல் திரும்பும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மூன்றே மாதத்தில் 500,000 விற்றது. மறுகோடியில் சோனியின் 'ஸ்பைடர்மேன் 2'. 2023 டிசம்பரில் கணினித் திருடர்கள் வெளியிட்ட ஆவணங்களின்படி அதன் செலவு 300 மில்லியன் டாலரைத் தாண்டியது. முழு விலையில் 7.2 மில்லியன் பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். வகுத்துப் பார்த்தால், 70 டாலர் விலையில் கணக்கில் ஏறுவது நாற்பது டாலர் சொச்சம். 2023 அக்டோபரில் வெளியான அந்த கேம், 2024 பிப்ரவரிக்குள் 10 மில்லியனைக் கடந்து தப்பித்தது. இரண்டும் லாபம் கண்டவையே. ஆனால் ஒன்றின் இலக்கு மற்றதைப் போல 24 மடங்கு. 'கன்சோல் கேமுக்கு இத்தனை' என்று ஒற்றை எண் சொல்பவரை நம்பவேண்டியதில்லை.

கன்சோலுக்கே உரிய உச்சவரம்பு ஒன்றும் உண்டு. அந்தக் கருவி எத்தனை வீடுகளில் இருக்கிறதோ, அதற்கு மேல் கேம் விற்காது. சேகா நிறுவனம் 1999-ல் ட்ரீம்காஸ்ட் கருவிக்காக வெளியிட்ட 'ஷென்மூ'வுக்கு 47 மில்லியன் டாலர் செலவானதாக அதை உருவாக்கிய யூ சுசுகியே பின்னாளில் சொன்னார். ட்ரீம்காஸ்ட் தன் வாழ்நாள் முழுவதிலும் விற்றது 9 மில்லியன் சொச்சம். ஷென்மூ விற்றது சுமார் 1.2 மில்லியன். எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் வாங்கியும் கட்டுப்படியாகவில்லை. ஒரே கேமை இன்று பல கன்சோல்களிலும் கணினியிலும் சேர்த்து வெளியிடுவதற்கு இதுவே முதல் காரணம்.

மலேசிய கேம்களில் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு. 'ஃபைனல் ஃபேன்டசி 15'-ல் பணியாற்றிய வான் ஹஸ்மரும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5'-ல் பணியாற்றிய டாயிம் சியாவுதீனும் ஜப்பானிலிருந்து திரும்பி, 2017-ல் தொடங்கிய மெட்ரோநோமிக் நிறுவனத்தின் முதல் கேம் அது. 2020 ஆகஸ்ட் 25-ல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி நான்கிலும் 40 டாலர் விலையில் வந்தது. வெளியிட்டது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். இங்குள்ள வசதி, சம்பளம் வெள்ளியில், விற்பனை டாலரில் என்பது. உள்ளூர்ச் சந்தை சிறிது. பங்குனிக்கும் தீபாவளிக்கும் துணி எடுப்பதுபோல முந்நூறு வெள்ளி கொடுத்துப் புதுக் கேம் எடுக்கும் குடும்பங்கள் குறைவு. எனவே இங்கே செய்வதும் வெளியூருக்கே.

கற்பனையாக ஒரு குழுவை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். கோலாலம்பூரில் 10 பேர் மூன்றாண்டு வேலை செய்கிறார்கள். சம்பளம், வாடகை, கணினி எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 8,000 வெள்ளி என்றால் 36 மாதத்துக்கு 2.88 மில்லியன். சோதனை, மொழிபெயர்ப்பு, இசை, விளம்பரம் என்று இன்னும் 620,000. ஆக 3.5 மில்லியன் வெள்ளி. விலை 100 வெள்ளி. தள்ளுபடிகள் போக சராசரி 60. அதில் கடையின் 30 விழுக்காடு கழிந்தால் 42. முதல் திரும்ப ஏறத்தாழ 83,300 பிரதி விற்கவேண்டும்.

இது சொந்தப் பணம் போட்டவர் கணக்கு. அதே 3.5 மில்லியனை வெளியீட்டாளர் முன்பணமாகக் கொடுக்கிறார். வருமானம் ஆளுக்குப் பாதி. முன்பணம் குழுவின் பாதியிலிருந்து மட்டும் கழியும். இப்படி ஒப்பந்தம் அமைந்தால் விஷயமே மாறிவிடும். வெளியீட்டாளர் 83,300-லேயே முதலை எடுத்துவிடுவார். குழுவின் பங்கில் பிரதிக்கு 21 வெள்ளிதான் வரவாகும் என்பதால், 166,700 பிரதி விற்ற பிறகே அதன் கையில் முதல் வெள்ளி விழும். இடைப்பட்ட 83,000 பிரதிகளில் ஒரே கேம் ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு இன்னும் கடன். மலாயாவுக்கு ஆள் கட்டிய காலத்துக் கங்காணி முன்பணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்து வீடுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. வித்தியாசம் என்னவென்றால், கேம் விழுந்துவிட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் குழு முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அந்த நட்டம் வெளியீட்டாளருடையது.

ஒரு பிரதியும் விற்காமல் பிழைக்கும் வழியும் இருக்கிறது. வெளிநாட்டு கேம்களுக்குப் படம் வரைந்து, உருவங்கள் செய்து கொடுத்துக் கூலி வாங்குவது. மலேசியாவின் லெமன் ஸ்கை நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட்' கேமுக்கு அவ்வாறு உழைத்தது. அத்தகைய கூலி வேலையில் பல ஆண்டு ஊன்றி நின்ற பேஷன் ரிபப்ளிக் நிறுவனத்தார் 2022-ல் 'கிகாபேஷ்' என்ற சொந்தக் கேமைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். சொந்தக் கேமுக்கு ஆசைப்படும் சிறு நிறுவனத்துக்கு இந்த வரிசையே பாதுகாப்பானது.

கேள்வி: 3.4 மில்லியன் பிரதி விற்ற கேமைத் தோல்வி என்றார்களாமே, எப்படி?
(அதே வாசகர்)

பதில்: அது 2013 மார்ச்சில் வந்த 'டோம்ப் ரைடர்'. ஒரு மாதத்துக்குள் 3.4 மில்லியன் விற்றும், வெளியீட்டாளரான ஸ்கொயர் எனிக்ஸ் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அறிவித்தது. அவர்கள் போட்டிருந்த கணக்கு 5 முதல் 6 மில்லியன். முதல் திரும்பும் எண்ணிக்கை வேறு, முதலாளியின் எதிர்பார்ப்பு வேறு. அதே பணத்தை வேறு கேமில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதும் இரண்டாவதில் கலந்திருக்கும். 2012-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிர்வாகி ஒருவர், 'டெட் ஸ்பேஸ்' வரிசையில் தொடர்ந்து பணம் போட 5 மில்லியன் ரசிகர்களாவது வேண்டும் என்றதும் இந்த வகைக் கணக்கே.

டோம்ப் ரைடர் 2013 முடிவதற்குள் லாபத்துக்கு வந்துவிட்டது. விலை குறையக் குறைய விற்பனை தொடர்ந்து, 2015-ல் 8.5 மில்லியனைத் தொட்டது.