மைக்கைக் குறை சொல்வதற்கு முன்

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வின்ட்சர் வரை, அங்கே பாலம் தாண்டி டெட்ராயிட், பிறகு ஐ-75 என்று தெற்கே ட்ரக் ஓட்டுகிறவர்களில் பலர் இன்னும் சிபி ரேடியோவைக் கழற்றவில்லை. கைபேசியில் வரைபடம் இருக்கிறது, வானிலை இருக்கிறது. ஆனாலும் வளைவுக்கு அப்பால் ஒரு ட்ரெய்லர் குறுக்கே மடங்கிக் கிடக்கிறது, இடது பக்கத்தைப் பிடி என்று முன்பின் தெரியாத ஒருவர் உடனே சொல்வது 19ஆம் சானலில்தான். நமக்கு மற்றவர்கள் கேட்கிறார்கள், நாம் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் அந்தப் பெட்டியால் பாதிப் பயன்தான்.

எனக்கு ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டுகிற பைத்தியம் உண்டு. அது தெரிந்த தம்பிமார் ட்ரக் தரிப்பிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரைச்சலை வெட்டும் நாய்ஸ் கான்சலிங் மைக் புதிதாக வாங்கியவர்களின் முறைப்பாடு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணை, பட்டனை அமத்தினா லைட் எரியுது, மீட்டர் முள்ளும் ஏறுது. ஆனா ஒருத்தருக்கும் என்ர குரல் கேக்குதில்லை. கடையில திருப்பிக் குடுக்கட்டோ?"

நான் பார்த்தவரை, அப்படி வந்த மைக்குகளில் பெரும்பாலானவற்றில் பழுதே இல்லை. பிடித்த விதம்தான் பிழை.

இந்த மைக்கின் முன்பக்கம் துளை இருப்பது எல்லோருக்கும் தெரியும். பின்பக்கமும் துளை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை இரண்டு பக்கத்தாலும் ஒலி வந்து தள்ளும். எஞ்சின் உறுமல், டயர் இரைச்சல், ஜன்னல் காற்று எல்லாம் தூரத்துச் சத்தங்கள். அவை இரண்டு துளைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால் தகடு அசைய வழியில்லை. வாய் மட்டும் முன் துளையை ஒட்டி இருந்தால், குரல் முன்னால் பலமாகவும் பின்னால் பலவீனமாகவும் போய்ச் சேரும். அந்த வித்தியாசம்தான் ரேடியோவுக்குப் போகிறது.

இப்போது சாதாரண மைக்கைப் பிடிப்பது போல ஒரு சாண் தள்ளி வைத்துக் கதைத்துப் பாருங்கள். உங்கள் குரலும் தூரத்துச் சத்தமாகிவிடும். மைக் தன் வேலையைச் சரியாகச் செய்து உங்களையும் இரைச்சலோடு சேர்த்து வெட்டிவிடும். சாதாரண மைக்கில் தூரம் இரட்டித்தால் குரல் பாதியாகும். இந்த வகையில், கிட்டத்தில் இருக்கும்போது, கால்வாசிக்குப் பக்கமாக விழும். ஆகவே ஒரு விரல் அகலம் கூட இங்கே பெரிய தூரம். இதைவிட மோசமானது மைக்கைத் திருப்பி, விளிம்பு வாயைப் பார்க்கப் பிடிப்பது. அப்போது குரல் இரண்டு துளைக்கும் சமமாகப் போய்த் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையுமாக நாடிக்குக் கீழே பிடித்துக் கதைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்.

உதட்டில் முட்டுகிற அளவுக்குப் பிடிக்கச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் டி-45 என்ற மைக்கை மேலுதட்டின் மேலேயே கட்டிக்கொண்டார்கள். பிபிசி வர்ணனையாளர்கள் மைதான ஆரவாரத்துக்கு நடுவில் பிடிக்கும் மைக்கில் ஒரு சிறு சட்டம் இருக்கும். அதை மேலுதட்டில் வைத்துத்தான் கதைப்பார்கள். தூரம் மாறக்கூடாது என்பதுதான் காரணம். நமக்குச் சட்டம் இல்லை, உதடே போதும். "ப", "ம" வரும்போது மூச்சு வெடித்தால் வாயின் ஓரத்தால் கதைக்கலாம், ஆனால் பின்னுக்குத் தள்ளக்கூடாது. பின் துளையை உள்ளங்கையால் பொத்தவும் கூடாது. பொத்தினால் குரல் கூடியது போலத் தோன்றும். கூடவே கேபினின் முழு இரைச்சலும் ஏறிப் போகும், பிறகு இந்த மைக் வாங்கியதற்கு அர்த்தமில்லை.

பிடிப்பைத் திருத்தியும் குரல் சின்னதாக இருந்தால்தான் பழுது தேட வேண்டும்.

"முள்ளும் ஏறுது" என்று தம்பி சொன்னாரே, அது நல்ல துப்பு. ஏஎம் முறையில் பட்டனை அமத்தியதும், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், சுமப்பலை போகும்; அனுமதிக்கப்பட்ட உச்சம் 4 வாட். எதிர்முனையில் முள் நன்றாக ஏறிக் குரல் மட்டும் மெலிந்து கேட்டால் அன்டெனாவைத் தொடாதீர்கள். சிக்கல் மைக்கிலோ அதற்கும் ரேடியோவின் ஒலிப்பகுதிக்கும் நடுவிலோ இருக்கிறது. முள்ளே ஏறவில்லை என்றால் அது வேறு கதை. எஸ்எஸ்பி உள்ள ரேடியோ என்றால் சோதனை இன்னும் சுலபம்: அதில் குரல் இல்லாமல் சக்தியே போகாது. விசிலடித்துப் பார்த்தால் உங்கள் முள்ளே பதில் சொல்லிவிடும்.

அடுத்து ரேடியோவோடு வந்த பழைய மைக்கை மாட்டுங்கள். நண்பர் ஒருவரைச் சில நூறு மீற்றர் தள்ளி அவருடைய ட்ரக்கில் இருக்கச் சொல்லி, ஒன்று முதல் பத்து வரை இரண்டு மைக்கிலும் மாறி மாறி எண்ணுங்கள். பக்கத்து ட்ரக்கில் வைத்துச் சோதித்தால் சிக்னல் அளவுக்கு மீறி, எல்லாமே கரகரக்கும். பழையதிலும் குரல் சின்னது என்றால் முகப்பில் உள்ள மைக் கெயின் குமிழைப் பாருங்கள். கோப்ரா 29இல் அதன் பெயர் டைனமைக். துடைக்கும்போது கைபட்டுக் குறைந்துபோன அந்தக் குமிழை முழுதாகத் திருப்பியதோடு தீர்ந்த கேஸ்கள் உண்டு. ஆர்எஃப் கெயினைத் திருகுவதில் பயனில்லை, அது கேட்பதற்கு.

பழைய மைக்கில் சரி, புதியதில் மட்டும் மெலிவு என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கோப்ரா வகை நான்கு முள் பிளக்கில் 1 ஷீல்டு, 2 குரல், 3 அனுப்ப, 4 கேட்க. மைக்கை ரேடியோவிலிருந்து கழற்றி, பட்டனை அமத்திப் பிடித்தபடி 1க்கும் 2க்கும் நடுவில் ஓம் அளவிடுங்கள். பல மைக்குகளில் அமத்தினால்தான் குரல் வயர் இணையும். சாதாரண டைனமிக் மைக் சில நூறு ஓம் காட்டும், அளக்கும்போதே உள்ளே "டிக்" என்று மெல்லிய சத்தம் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஷீல்டின் ஓர் இழை குரல் முள்ளில் முட்டிக்கொண்டிருக்கிறது. சுருள் வயரை மைக்கின் கழுத்திலும் பிளக்கின் வாயிலும் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் அந்த இடம்தான். வெட்டிப் புதிதாக ஈயம் பற்றவைக்க வேண்டும். பட்டனின் உள்தகடு கறுத்திருந்தால் கொன்டாக்ட் கிளீனர் போதும். உள்ளே பெருக்கி உள்ள பவர் மைக்குக்கு இந்த ஓம் கணக்குப் பொருந்தாது. அதில் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

நான்கு முள் பிளக் மாட்டுப்படுகிறது என்பதற்காக வயரிங்கும் ஒன்று என்று நம்பிவிடக்கூடாது. கம்பனிக்குக் கம்பனி முள் வரிசை மாறும்; ரேடியோவின் கையேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். மலிவான மைக் சிலவற்றில் இருப்பது எலெக்ட்ரெட் வகை. அதற்குச் சில வோல்ட் மின்சாரம் வேண்டும். டைனமிக் மைக்குக்கென்று செய்த ரேடியோ அதைக் கொடுக்காது, ஆகவே சத்தம் கிசுகிசுப்பாகவோ இல்லாமலோ போகும். அது பழுதல்ல, பொருத்தமின்மை. தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

ரேடியோவைத் திறந்து உள்ளே இருக்கும் ஒலிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். வேண்டாம். குரல் கிழிந்து பக்கத்துச் சானல்களிலும் சிதறும். அமெரிக்காவில் எஃப்சிசி விதிப்படியும் அந்த மாற்றம் குற்றம். வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் செலவில்லை.

பழைய மைக்கை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பையில் கிடக்கட்டும். வழியில் புதியது கைவிட்டால் மாட்டிக்கொள்ள மட்டுமல்ல, பழுது ரேடியோவிலா மைக்கிலா என்று அறிவதற்கும் அதைவிட வேகமான கருவி இல்லை.