இரு தரப்பையும் கேட்ட பின்பே தீர்ப்பு

எட்டாம் வகுப்பில் நீதித்துறை பாடம் நடத்தும்போது, "நம்ம வக்கீலே ஏமாத்திட்டா யார்கிட்ட சார் போறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளி எங்களுடையது. அந்தக் கேள்விக்காக நான் தயாரித்த பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

முதலில் நடைமுறை. வழக்கறிஞர் சட்டம், 1961இன்படி மாநில பார் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். முகாந்திரம் இருந்தால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். வழக்கறிஞருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பையும் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும். கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். 60 நாள்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிலும், அதன்பின் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்து, நம் மாநிலத்தில் நடந்த வழக்கு. காது கேளாத முதியவர் ஒருவரும் ஒரு மூதாட்டியும் புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குத் தொடுக்கச் சொன்னார்கள். வழக்கறிஞர் தொடுக்கவே இல்லை. புரோநோட்டுக் கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுகளே கெடு என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் இழப்பு புரியும். மாநிலக் குழு 6 ஆண்டுகள் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, குற்றத்தை உறுதிசெய்தது. தடைக்காலத்தைச் சுருக்கி, தாம்பரத்தில் ஓராண்டு ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணி செய்யுமாறு பணித்தது.

மூன்றாவதாக, செயல்பாடு. புகார்தாரர், வழக்கறிஞர், குழுவினர் மூவர், பார்வையாளர்கள் எனப் பிரித்து நடிக்கச் செய்யுங்கள். இரு தரப்பும் பேசி முடிக்கும் வரை யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிறகு கேளுங்கள்: 6 ஆண்டுத் தடையா, சட்ட உதவிப் பணியா, எது நியாயம்? எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. "அந்தத் தாத்தாவுக்கு என்ன கிடைச்சுது?" என்ற கேள்வியும் எழுந்தது. தண்டனை வேறு, இழப்பீடு வேறு என விளக்க அதுவே நல்ல இடம்.

அறம் தவறாதது எனச் சங்கப் புலவர் போற்றிய உறையூர் அவை நம் ஊரில்தான் இருந்தது. தீர விசாரிக்காமல் கோவலனைத் தண்டித்த கதையையும் மாணவர்கள் அறிவார்கள். இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடமாகப் புகார்க் கடிதம் ஒன்று எழுதட்டும்: யாரிடம், எந்த நாளில், எந்தப் பத்திரம், எவ்வளவு பணம் கொடுத்தோம், ரசீது உள்ளதா? நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இதனால் வந்தாலே அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பாதுகாப்பு.