படத்தில் இல்லாத ஆள்

அன்புள்ள கயல்விழி,

1857 சிப்பாய்க் கிளர்ச்சி பற்றிய லண்டன் கார்ட்டூன்களுக்கு நீ எழுதிய விடையைப் படித்தேன். "வெள்ளையர்கள் இந்தியர்களைக் கொடுமைப்படுத்தியதை இப்படம் காட்டுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். செய்தி தப்பில்லை. ஆனால் அதை எழுத நீ படத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். வரைந்தவர் அதைக் கொடுமை என்று நினைத்து வரையவும் இல்லை, நியாயம் என்று நம்பித்தான் வரைந்தார். அவருக்கு அது எப்படி நியாயமாகத் தோன்றியது என்று கேட்டால்தான் படம் வாய் திறக்கும்.

முதலில் கண்ணில் படுவதை மட்டும் எழுது. நல்லவர், கெட்டவர் தீர்ப்பெல்லாம் அப்புறம். 'ஜஸ்டிஸ்' என்ற படத்தை எடுத்துக்கொள். நடுவில் ஆளுயரத்தை மீறிய ஒரு பெண், கையில் வாள். காலடியில் சிப்பாய்கள் மிதிபடுகிறார்கள். ஓரத்தில் இந்தியப் பெண்களும் குழந்தைகளும் அஞ்சி ஒடுங்கியிருக்கிறார்கள். நீதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தராசு பிடிக்க வேண்டிய கை கேடயம் பிடித்திருக்கிறது. இதைக் கவனித்து எழுதியிருந்தாலே பாதி மதிப்பெண் வந்திருக்கும்.

அடுத்து தேதியைப் பார். லண்டனின் 'பஞ்ச்' இதழில் இந்தப் படம் வந்தது 1857 செப்டம்பர் 12. தில்லியைத் திரும்பப் பிடிக்க ஆங்கிலப் படை பாய்ந்தது செப்டம்பர் 14-ல்தான். இங்கே நடப்பது லண்டனுக்குத் தெரிய அப்போது வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அந்தப் படம் நடந்ததைச் சொல்லவில்லை, இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த வாரம் இதழைக் காசு கொடுத்து வாங்கிய லண்டன் வாசகரின் கோபத்துக்குத்தான் அது சாட்சி. மீரட்டிலோ கான்பூரிலோ நடந்ததற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

மூன்றாவது, ஒரே படத்தோடு நிற்காதே. அதே இதழில் வந்த மூன்று படங்களை வரிசையாக வை. ஆகஸ்ட் 22-ல் ஜான் டென்னியல் வரைந்த படத்தில் பிரிட்டிஷ் சிங்கம் வங்கப் புலி மேல் பாய்கிறது. புலியின் கீழே ஒரு பெண்ணும் குழந்தையும் கிடக்கிறார்கள். அடுத்தது 'ஜஸ்டிஸ்'. அக்டோபர் 24-ல் வந்த மூன்றாவது, கவர்னர் ஜெனரல் கானிங்கைக் கிண்டல் செய்வது. கண்மூடித்தனமாகப் பழிவாங்க வேண்டாம் என்று அவர் சொன்னதற்காக, ரத்தம் சொட்டும் கத்தியோடு நிற்கும் சிப்பாயின் தலையில் அவர் அப்பா மாதிரி கை வைத்திருப்பதாக வரைந்தார்கள்.

ஒன்பது வாரத்தில் சிப்பாய் மூன்று உருவம் எடுத்துவிட்டான்: புலி, காலடியில் கிடக்கும் உடல், செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை. காரணத்தோடு கோபப்படும் வளர்ந்த மனிதனாக மட்டும் அவன் எங்குமே வரவில்லை. தோட்டாவில் தடவிய கொழுப்பும், 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி விழுங்கிய அவத் ராஜ்ஜியமும், புதிதாகப் படையில் சேர்வோரைக் கடல் கடந்தும் போகச் சம்மதிக்கக் கட்டாயப்படுத்திய அதே ஆண்டுச் சட்டமும் இந்தச் சட்டகங்களுக்குள் இல்லை. மூன்று படமும் சேர்ந்து மறைக்கும் அந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் உனக்குக் கொடுத்த பாடம்.

மறைக்கப்பட்டவர்கள் பின்னால் தாங்களே வரைந்தார்கள். 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டு, புரியாதவர்களுக்காக விளக்கமும் எழுதினார். 1908-ல் அரசு பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார், இதழ் அங்கிருந்து 1910 வரை வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த 'பாரதியின் கருத்துப்படங்கள்' நூல் நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பார். அங்கேயும் இதே கேள்விகளைக் கேள். நம் பக்கம் வரைந்தது என்பதற்காக விட்டுவிடாதே.

அப்படி விடாமல் கேட்க நம் திருவாலங்காட்டிலேயே இடம் இருக்கிறது. 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு, 31 ஏடுகள், பழையனூரை நம் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். அதில் மன்னனின் போர்ப் புகழும் வருகிறது: கடாரத்தை வென்றது, தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்க வைத்தது. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதோடு, நீர் சுமந்தவன் இதை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்றும் கேள். பஞ்ச் இதழிடம் மட்டும் கேட்டுவிட்டுச் செப்பேட்டிடம் கேட்காமல் விட்டால், நீ படித்தது வரலாறு ஆகாது, கட்சி கட்டுவதாகிவிடும்.

ஒரு நாள் ஆலங்காட்டில் ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் செப்பேடு அங்கேதான் இருக்கிறது. அங்கேயே கர்னல் நீலின் சிலையும் இருக்கிறது. 1857 ஜூனில் சென்னைப் படையோடு அலகாபாத் போய், விசாரணை என்று சொல்லத்தக்க எதுவுமில்லாமல் ஏராளமானோரைத் தூக்கிலிட வைத்தவர் அவர். அவருக்கு மவுண்ட் ரோட்டில் வீரன் என்று சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் அகற்றப்பட்டது. 'ஜஸ்டிஸ்' கேட்ட நீதி எப்படி இருந்தது என்பதற்கு அலகாபாத் ஒரு பதில்.

விடையைத் திருத்தி எழுது. முதல் பத்தியில் பார்த்தது, இரண்டாவதில் தேதியும் வாசகரும், மூன்றாவதில் விடுபட்ட ஆள், நான்காவதில் அவன் இருந்ததற்கு நீ தேடிப் பிடித்த ஆதாரம். தீர்ப்பு எழுத ஆசைப்பட்டால் கடைசி வரியில் எழுதிக்கொள். அதற்குள் அது உன்னுடைய தீர்ப்பாகியிருக்கும்.

அன்புடன்,
உன் சித்தப்பா